கத்தரியை நிறுத்து

பத்து மணிக்கு இன்னும் நாலு நிமிடம் இருந்தது.

"மூணே முக்கால்," என்று திருத்தினார் அத்தான்.

பஸ் டிப்போவில் டைம்கீப்பர் அவர். வாரத்துக்கு ஒரு நாள் லீவு. அன்றைக்கும் கைக்கடிகாரத்தைக் கழற்ற மாட்டார். காலையிலேயே துணி வெட்டும் மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒரு பெரிய பழுப்புக் காகிதத்தை ஒட்டிவிட்டு, கையில் சாக்பீசோடு தயாராக நின்றார்.

"மூணரை."

"ஏங்க, கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டு நிக்க மாட்டீங்களா? அவளே வேர்த்து வழியறா," என்றாள் அக்கா. இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டிருந்தாளே தவிர, காலையிலிருந்து ஒரு துணியையும் அவள் தொடவில்லை.

சின்னி மடிக்கணினியின் முன் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அதற்குத்தான் ஆறு மாதம்.

ஆறு மாதம் முன்னால், பெரிய கம்பெனி வேலையை உதறிவிட்டு ஒரு பெட்டியோடு அக்காவின் தையல் கடைக்கு வந்து இறங்கியவள் அவள். "ஒரு வாரம் தங்கிட்டுப் போறேன்" என்றுதான் வந்தாள். வந்த மூன்றாம் நாள், அக்கா ஒரு சட்டைத் துணியின் மேல் காகிதத் துண்டுகளை அரைமணி நேரமாக இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். காலரை எங்கே வைத்தால் சட்டையின் கைப்பகுதிக்கு இடம் கிடைக்கும், எப்படி வெட்டினால் துணி மிச்சமாகும் என்று அக்கா முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்குப் பிறந்ததுதான் 'அடுக்கு' என்ற செயலி. அளவையும் துணியின் அகலத்தையும் கொடுத்தால் போதும். எந்தத் துண்டை எங்கே வைக்கலாம் என்று போனிலேயே படம் போட்டுக் காட்டிவிடும்.

போன வாரம் பழைய கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. வேறு ஊர்க் கிளையில் இடம் இருக்கிறது, திங்கட்கிழமைக்குள் பதில் சொல் என்றார்கள். சின்னி வீட்டில் ஒரு சபதம் போட்டாள். இந்தச் சனிக்கிழமை நூறு கடைகள் அடுக்கை எடுத்துக்கொண்டால் இங்கேயே இருப்பாள். ஒன்று குறைந்தாலும் பெட்டியைக் கட்டுவாள்.

அதிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

"ரெண்டு நிமிஷம்," என்றார் அத்தான்.

'கத்தரிமுனை' என்ற இணையக் குழு தையல்காரர்களுடையது. ஒன்பதாயிரம் பேர். காலர் ஏன் மடங்குகிறது, ஓவர்லாக் மெஷின் ஏன் நூலைத் துப்புகிறது என்று விடிய விடியப் பேசுவார்கள். ஆனால் அங்கே போய் 'என் சரக்கை வாங்குங்கள்' என்று சொல்வது லேசுப்பட்ட காரியமில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை, பத்திலிருந்து ஆறு மணி வரை மட்டும் சந்தை. அதுவும், குழுவில் மற்றவர்கள் கேட்ட இருபத்தைந்து கேள்விகளுக்காவது பதில் சொல்லி உதவியவர்களுக்கு மட்டும். ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாத சின்னி, போனில் தொலைந்த அளவுப் படங்களை மீட்டுக் கொடுத்தே இருபத்தைந்தை எட்டினாள்.

இன்னொரு விதியும் உண்டு. விற்க வருகிறவர், தன் சரக்கின் மூன்று குறைகளை முதலில் எழுத வேண்டும். பெருமையெல்லாம் அதற்குக் கீழேதான். சரக்குக்காரரின் சொந்தக்காரர் யாராவது வாய் திறந்தால், உறவைச் சொல்லிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

"அக்கா, நீ இன்னிக்கு ஒண்ணும் எழுத வேணாம். சரியா?"

"நான் ஏன்டி எழுதப் போறேன்? எனக்கு வேற வேலை இல்ல?"

கத்தரிமுனையில் அக்காவுக்குக் 'கட்டிங் அக்கா' என்று பெயர். ஆறு வருடமாக அவள் சொன்னால் சொன்னதுதான். எட்டு வருடம் கத்தரி பிடித்த ஆண்கள்கூட "கட்டிங் அக்கா வந்து சொல்லட்டும்" என்று காத்திருப்பார்கள்.

"பத்து!" என்று கத்தினார் அத்தான், பஸ்ஸுக்கு விசில் ஊதுகிறவர் மாதிரி.

சின்னி பொத்தானை அழுத்தினாள்.

*அடுக்கு என்ற இந்தச் செயலியை எழுதியவள் நான். குறை ஒன்று: போனில் மட்டும்தான் ஓடும். இரண்டு: வெல்வெட் மாதிரி ஒரே பக்கம் சாயும் துணியை இதற்கு அடையாளம் தெரியாது. மூன்று: துணி சுருங்குவதை இது கணக்கில் எடுக்காது, நனைத்துக் காயவைத்த பிறகே அளவு கொடுங்கள்.*

ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு நிமிடம். சின்னிக்குக் காதுக்குள் தன் இதயம் கேட்டது.

பிறகு திரையின் மூலையில் ஒன்று என்று விழுந்தது. யாரோ, எங்கேயோ, அடுக்கைத் தன் போனில் இறக்கிக்கொண்டுவிட்டார்கள்.

"ஒண்ணு!" அத்தான் காகிதத்தில் ஒரு கோடு இழுத்தார். கோடு நடுங்கிற்று. "முதல் வண்டி கிளம்பிடுச்சு!"

"ரெண்டு அத்தான்! இல்ல, மூணு!"

"மெதுவா சொல்லும்மா, ஒவ்வொண்ணா சொல்லு, கோடு கோணலாப் போகுது!"

பதினோரு மணிக்குள் பத்தொன்பது கோடுகள். ஒருவர் போனில் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்டார். சிக்னலுக்காகச் சின்னி வாசலுக்கு ஓடினாள். அரைமணி நேரம் நின்றுகொண்டே பேசிவிட்டுத் திரும்பி வந்தபோது அத்தான் காகிதத்தின் அடுத்த வரிசையில் இருந்தார். கோடுகளை ஐந்தைந்தாகக் கட்டிக்கொண்டே போனார். அவர் கை நிற்கவில்லை.

"நாப்பத்தி ஏழு! சின்னி, என்னம்மா நடக்குது? திருவிழாக் கூட்டம் மாதிரி ஏறுது!"

சின்னி திரையைப் பார்த்தாள். 'நீல நூல்' என்ற பெயரில் ஒருவர் கேட்டிருந்தார்: *பெரிய கட்டம் போட்ட துணிக்கு இது சரிவருமா? பக்கத் தையலில் கட்டம் கட்டத்தோடு சேருமா?*

அதன் கீழே, பதினொன்றேகாலுக்கு, பதில்.

*என் கடையில் நாலு மாதமாக ஓடுகிறது. கட்டத் துணியும் வெட்டிவிட்டேன். கச்சிதம். — கட்டிங் அக்கா.*

"அக்கா!"

"என்ன அக்கா? ஒருத்தர் கேட்டார், ஒருத்தி சொன்னா."

"உறவ சொல்லணும்னு விதி. நீ எனக்கு அக்கான்னு அதுல எங்க இருக்கு?"

"அதான் கட்டிங் அக்கான்னு போட்டிருக்கேனே!"

"ஒன்பதாயிரம் பேருக்கும் நீ கட்டிங் அக்காதான். விளையாடாத."

"நாலு மாசமா என் கடையில ஓடறது பொய்யா?" அக்காவின் முகத்தில் இத்தனை நாளாகக் காணாத களை. "சாயங்காலம் சந்தை மூடறப்போ சொல்லிக்கலாம்டி. ஓடற வண்டிய ஏன் நடுவழியில நிறுத்தச் சொல்ற?"

அத்தான் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஐம்பத்தி இரண்டு விழுந்தது. அவர் காகிதத்தின் பக்கம் திரும்பிவிட்டார்.

சின்னியும் திரும்பிவிட்டாள். அதை அவள் பிறகு பலமுறை நினைத்துப் பார்க்கப்போகிறாள். விரல் பொத்தானுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. 'இவர் என் அக்கா' என்று மூன்று வார்த்தை தட்ட மூச்சு விடும் நேரம்கூட வேண்டாம். ஆனால் எண் ஏறிக்கொண்டிருந்தது. எண் ஏறும்போது வார்த்தைகள் எங்கிருந்து வரும்?

சாப்பாட்டு நேரத்தில் எழுபத்தி ஒன்று. மூவரும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டார்கள். அக்கா இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்து அத்தான் சின்னிக்குக் கண்ணடித்தார். மூன்று மணிக்கு எண்பத்தி எட்டு. அதன் பிறகு ஒவ்வொன்றும் இழுத்து இழுத்து வந்தது. தொண்ணூற்றி ஐந்து. ஆறு. ஏழு.

"இன்னும் ஆள் ஏறணும், ஆள் ஏறணும்," என்று முணுமுணுத்தார் அத்தான். "பின்னாடி எடம் இருக்கு, உள்ள போங்க."

மூன்று முப்பத்தெட்டுக்குத் தொண்ணூற்றி ஒன்பது.

"ஒண்ணே ஒண்ணு!" சின்னி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். மேசையின் மேலிருந்த பட்டன் டப்பா குலுங்கியது. "அக்கா, ஒண்ணே ஒண்ணு! திங்கக்கிழமை அவங்களுக்கு வர முடியாதுன்னு சொல்லிடறேன். பெட்டிய பரண்ல போட்டுடலாம்!"

"பரண்ல எதுக்கு? தூக்கி யாருக்காவது குடுத்துடலாம்!"

டிங் என்றது திரை. நூறு இல்லை. நீல நூல் ஒரு படம் போட்டிருந்தார். சின்னி உற்சாகத்தோடு உரக்கப் படித்தாள்.

"'கோட் தைக்கற துணி. மூணரை மீட்டர். இதை நெய்த ஆலையை மூடிட்டாங்க, இன்னொரு துண்டு தேடினாலும் கிடைக்காது. வாடிக்கையாளர் திங்கட்கிழமை வர்றார். அடுக்கு காட்டினபடியே சாக்பீஸ் போட்டாச்சு. வெட்டலாமா வேணாமான்னு மூணு மணி நேரமா தயங்கினேன். கட்டிங் அக்கா சொன்னப்புறம் என்ன தயக்கம்? இதோ, கத்தரியை எடுக்கிறேன்.' பாத்தியா அக்கா! உன் பேருக்கு எவ்வளவு..."

அக்காவின் கை அவள் கையிலிருந்து நழுவியது.

படத்தில் மேசை நிறையப் பச்சையும் பழுப்புமாகக் கையகலக் கட்டங்கள்.

"சின்னி," என்றாள் அக்கா. குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "அந்த ஆள நிறுத்து."

"ஏன்?"

"சேராதுடி. கட்டம் சேராது."

"கச்சிதம்னு சொன்னே! போன மாசம் அத்தானுக்குச் சட்டை வெட்டிப் பார்த்தியே, எங்கிட்டயே சொன்னியே!"

"ஒரு விரல் அகலம் தள்ளிப்போச்சு. ரெண்டு பக்கமும். அப்புறம் கட்டத் துணியெல்லாம் கையாலதான் வெச்சு வெட்டறேன்."

அத்தான் சுவரிலிருந்து திரும்பினார்.

"என் சட்டையா?" என்றார் அத்தான். "துணி பத்தலைன்னு சொன்னே?"

"மெத்தைக்கு அடியில கிடக்கு. இப்ப அதுவா முக்கியம்?"

"குறை இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் சரி பண்ணியிருப்பேனே!" சின்னிக்குக் கண்கள் எரிந்தன. "மூணு குறை எழுதுன்னா அத மொதல்ல எழுதியிருப்பேனே! ஏங்க்கா சொல்லல?"

"நீ அந்த வாரம் முழுக்க அழுதுக்கிட்டு இருந்தே. எதுக்குமே லாயக்கில்லன்னு சொல்லிச் சொல்லி அழுதே. ஒரு தடவையாச்சும் சிரிக்கட்டுமேன்னு..." அக்கா முடிக்கவில்லை. "திட்டறத அப்புறம் திட்டு. இப்ப அந்த ஆள கூப்பிடு!"

நீல நூலின் பக்கத்தில் கடை எண் இருந்தது. அக்காவின் போனிலிருந்தே அழைத்தாள் சின்னி. மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி போட்டாள்.

"எடுக்க மாட்டார்," என்றாள் அக்கா. "கத்தரி கையில இருக்கும்போது நான் எடுப்பேனா? கை அசைஞ்சா போச்சு. போன் சத்தத்த அமுக்கித் தூரமா வெச்சிருப்பார்."

"தனியா ஒரு செய்தி அனுப்பலாம். அவருக்கு மட்டும்."

"அத எப்ப பார்ப்பார்? வெட்டி முடிச்சு, கை கழுவிட்டு வந்து பார்ப்பார்."

மூவரும் ஒரே சமயத்தில் அதை நினைத்தார்கள்.

கத்தரிமுனையில் ஒரு அபாய மணி உண்டு. 'கத்தரியை நிறுத்து' என்று தலைப்புப் போட்டு எழுதினால், ஒன்பதாயிரம் பேருடைய போனும் ஒரே நேரத்தில் அடிக்கும். எவ்வளவு அமுக்கி வைத்திருந்தாலும் அடிக்கும். யாராவது தப்பாக வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் அதைத் தொடலாம். ஆறு வருடத்தில் இரண்டே முறை அடித்திருக்கிறது. காரணம் எழுதாமல் அதை அடிக்க முடியாது.

சின்னி உட்கார்ந்தாள். விரல்கள் பறந்தன. *கத்தரியை நிறுத்து. நீல நூலுக்கு. கட்டத் துணிக்கு அடுக்கு சரிவராது. இதை நான் சரியாகச் சோதிக்கவில்லை. தவறு முழுக்க என்னுடைய...*

அக்கா மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள்.

"என் பொய்ய ஏன்டி உன் பேர்ல எழுதற?"

"உன் பேரு கெட்டுப்போகும்க்கா! ஆறு வருஷம்! எனக்கு அங்க என்ன பேரு இருக்கு கெடறதுக்கு? போனா போகட்டும், நான் திங்கக்கிழமை வேற ஊருக்கே போயிடுவேன்..."

"நகரு."

"அக்கா..."

"நகருன்னு சொல்றேன்ல!"

இரண்டு விரலால் தட்டுகிறவள் அக்கா. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். சின்னிக்கு அவள் கையைப் பிடுங்கித் தானே தட்டிவிடலாம் போல இருந்தது. அத்தான் கடிகாரத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் முறையாக நேரத்தைச் சொல்லவில்லை.

*கத்தரியை நிறுத்து. நீல நூலுக்கு. கட்டத் துணியில் அடுக்கு சரியாக வராது. ஒரு சட்டை வெட்டினேன், பக்கத் தையலில் ஒரு விரல் விலகியது. கச்சிதம் என்று நான் எழுதியது பொய். அடுக்கை எழுதியது என் கூடப்பிறந்த தங்கை. அதையும் மறைத்தேன். அவளுக்கு இந்தக் குறை தெரியாது. எனக்குத் தெரியும். — கட்டிங் அக்கா.*

அழுத்தினாள்.

அக்காவின் போன் கணகணவென்று அடித்தது. சின்னியின் போன் அடித்தது. அத்தானின் சட்டைப்பையும் அடித்தது.

"நீங்க எப்ப அந்தக் குழுவுல சேர்ந்தீங்க?" என்றாள் சின்னி திகைத்துப்போய்.

"அது... அப்புறம் சொல்றேன்."

அவரைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை. நீல நூலிடமிருந்து பதில் இல்லை. ஒரு நிமிடம். இரண்டு. அக்கா மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முன்பக்கத் துண்டுலதான் ஆரம்பிப்பாங்க," என்றாள். "ரெண்டு நிமிஷத்துல பாதி போயிடும்."

நான்கு. ஐந்து. மற்றவர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். *கட்டிங் அக்காவா? நீங்களா?* என்று ஒருவர். *அக்கா தங்கச்சி கம்பெனி ஆரம்பிச்சிருக்காங்கன்னு தெரியாம போச்சே* என்று இன்னொருவர். *நான் அவங்க சொன்னதுக்காகத்தான் எடுத்தேன், இதோ தூக்கிப் போடறேன்.*

தொண்ணூற்றி ஒன்பது, தொண்ணூற்றி நாலு ஆனது.

"எண்ணிக்கைய விடு. அந்த ஆளு என்ன ஆனார்?"

ஏழாவது நிமிடம் ஒரு படம் வந்தது. சின்னி அதைப் பெரிதாக்கினாள். அவசரத்தில் முதலில் வேறு எங்கோ போயிற்று. பிறகு தெரிந்தது: கட்டத் துணியின் ஓரம், வாயைத் திறந்தபடி ஒரு கத்தரி, அதன் முனைக்கு முன்னால் ஒரு வெட்டு.

"போச்சு," என்றாள் அக்கா.

"இரு, கீழ எழுதியிருக்கார். 'ஓரத்துல நாலு விரல் போயிருக்கு. தையலுக்கு விடற எடம்தான். துண்டு தப்பிச்சுது. மணி அடிச்சதுல பயந்து சாக்பீஸை மிதிச்சுட்டேன். கத்தரியைக் கீழ வெச்சாச்சு.'"

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. சின்னியும் அவள் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தாள்.

"நாலு விரல்டி," என்றாள் அக்கா. "நாலே விரல்."

"தெரியும்க்கா."

"நான் எழுத்துக் கூட்டித் தட்டினப்போ நீ மனசுல என்ன திட்டினே?"

"அத இப்ப சொல்ல மாட்டேன்."

அத்தான் சுவரோரம் நின்று, போட்ட கோடுகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். போடும்போது இருந்த அதே ஒழுங்கோடு. எண்பது. அறுபத்தி மூன்று. ஐம்பது. பிறகு வேகம் குறைந்தது. நாற்பத்தி ஒன்றில் நின்றது.

குழுவின் நடுவர் வந்தார். அவரை யாரும் பார்த்ததில்லை, பெயரும் கிடையாது. எழுதினால் நாலு வரிக்கு மேல் எழுத மாட்டார். சின்னியின் பதிவை எடுத்துவிட்டார். குறைகளைத் திருத்திக்கொண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி கொண்டு வரலாம். கட்டிங் அக்கா அதே மூன்று மாதம் யாருக்கும் பதில் சொல்லக் கூடாது, கேள்வி கேட்கலாம்.

"மூணு மாசமா!" அக்கா மூக்கை உறிஞ்சினாள். "நான் பதில் சொல்லலன்னா காலர் வெட்டத் தெரியாம பாதிப் பேர் திண்டாடுவானுங்க."

"இன்னும் இருக்கு. எனக்குத் தனியா அனுப்பியிருக்கார்." சின்னி படித்தாள். "'நீங்கள் இருவரும் அக்கா தங்கை என்று காலை பதினோரு மணிக்கே எனக்குத் தெரியும். நீங்களாகச் சொல்கிறீர்களா என்று ஆறு மணி வரை காத்திருக்க முடிவு செய்தேன். சொல்லாவிட்டால் இருவரையும் நீக்கியிருப்பேன். இரண்டு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டீர்கள்.'"

அக்கா நிமிர்ந்தாள்.

"பதினோரு மணிக்கா? எப்படித் தெரியும்?"

"'உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் எழுதினார்' அப்படின்னு போட்டிருக்கு."

அந்த வீட்டில் இருந்தது மூன்று பேர். இரண்டு பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் மெதுவாகத் தலையைத் தூக்கி மூன்றாமவரைப் பார்த்தார்கள்.

அத்தான் சாக்பீஸைக் கையில் உருட்டினார்.

"காட்டிக் குடுத்தீங்களா?" அக்கா எழுந்துவிட்டாள். "கட்டின பொண்டாட்டிய?"

"மாஸ்டர், கொஞ்சம் பொறு..." அவள் கோபத்தில் இருக்கும்போது அவளை அப்படித்தான் கூப்பிடுவார்.

"மாஸ்டராவது மண்ணாங்கட்டியாவது!"

"அக்கா, இரு," என்றாள் சின்னி. "பதினொண்ணுக்கு எழுதியிருக்கார். நீ பதில் போட்டது பதினொண்ணேகாலுக்கு. நீ பொய் சொல்றதுக்கு முன்னாடியே எப்படிக் காட்டிக் குடுப்பார்?"

அக்கா நின்றாள். அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் காட்டிக் குடுக்கல. அனுமதிதான் கேட்டேன். சின்னி இவ்வளவு உழைச்சிருக்கா, நானும் நாலு வார்த்தை நல்லதா எழுதலாம்னு தோணிச்சு. அதுக்குத்தான் குழுவுலயே சேர்ந்தேன். விதிய எடுத்துப் படிச்சேன். முப்பத்திரண்டு விதி. சொந்தக்காரங்க உறவ சொல்லணும்னு பதினெட்டாவது விதி. அதனால நடுவருக்கு முறைப்படி எழுதினேன். 'எழுதியவர் என் மனைவியின் தங்கை, என் மனைவி கட்டிங் அக்கா, நான் டிப்போவில் டைம்கீப்பர், எனக்குத் தைக்கத் தெரியாது, இருந்தாலும் பாராட்டலாமா?'"

"முப்பத்திரண்டையுமா படிச்சீங்க?"

"பின்ன? படிக்காம எப்படிச் சேர்றது?"

சின்னிக்கு அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அதுக்கு என்ன பதில் வந்துச்சு அத்தான்?"

"'பொறுத்திருங்கள்'னு ஒரே வார்த்தை." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணி நேரம் ஆச்சு. இன்னும் பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அக்கா அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அடித்த கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டாள்.

சிரிப்பு ஓய்ந்ததும் மூவர் கண்ணும் சுவருக்குப் போயிற்று. நாற்பத்தி ஒன்று. நூறு என்பது பேச்சு.

"அந்த நாப்பத்தோரு பேரும் குறை தெரிஞ்சும் கையில வெச்சுக்கிட்டு இருக்கறவங்க," என்றார் அத்தான் மெதுவாக.

சின்னி கோடுகளை மறுபடி எண்ணிப் பார்த்தாள். சபதத்தைப் போட்டவள் அவள்தான்.

அக்காவின் போன் அடித்தது. தெரிந்த எண், கொஞ்சம் முன்னால் இரண்டு முறை போட்டுப் பார்த்த எண்.

"நீல நூல்!" அக்கா போனைச் சுட்டது மாதிரி நீட்டினாள். "நீ பேசு. எனக்கு அந்த ஆள் முகத்துல முழிக்க முடியாது."

"போன்ல முகம் எங்க இருக்கு?" சின்னி வாங்கிக்கொண்டாள். "ஹலோ?"

"கட்டிங் அக்காவா?" இளம் குரல். இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"இல்ல, தங்கச்சி."

"அப்ப நீங்கதான் வேணும். உங்க அக்காவோட அப்புறம் சண்டை போட்டுக்கறேன். இப்ப ஒண்ணு கேக்கணும். அந்தத் துணிய நான் கையால அடுக்கறேன். ஒவ்வொரு துண்டையும் ஏன் அங்க வைக்கறேன்னு சொல்லிக்கிட்டே வைக்கறேன். நீங்க அத உங்க அடுக்குக்குச் சொல்லிக் குடுக்க முடியுமா?"

"எப்போ?"

"இப்போ. திங்கக்கிழமை காலையில ஆள் வந்து நிப்பார். நான் கையால வெட்டிக்கலாம், எனக்குத் தெரியும். ஆனா இந்த மாதிரித் துணி மறுபடி என் மேசைக்கு வராது. உங்களுக்கும் இத விட நல்ல பாடம் கிடைக்காது."

சின்னிக்குக் காலையில் பொத்தானை அழுத்தியபோது அடித்த அதே இதயம், அதைவிட வேகமாக அடித்தது. கட்டத்தின் கோட்டை ஒரு எல்லையாக எடுத்துக்கொண்டால்? முன்பக்கத் துண்டை வைத்த பிறகு, மற்றது எல்லாம் அதைப் பார்த்தே உட்கார வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால்? ஒரு காலால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மொதல்ல கட்டத்தோட அளவ சொல்லுங்க. நெடுக்க எவ்வளவு, குறுக்க எவ்வளவு? தோராயமா வேணாம், டேப்ப வெச்சுப் பாருங்க."

மறுமுனையில் டேப்பை இழுக்கும் சத்தம் கேட்டது.

அந்த நேரம் பார்த்து, மேசையின் மறுகோடியில் அவளுடைய சொந்த போன் அதிர ஆரம்பித்தது. திரையில் பழைய கம்பெனியின் பெயர். திங்கட்கிழமை வரை அவர்களுக்குப் பொறுமை இல்லை போலிருக்கிறது.

'விடு, விடு' என்று சின்னி அக்காவுக்குக் கையால் ஜாடை காட்டினாள். அக்கா பாய்ந்தாள். ஆனால் அத்தான் பக்கத்தில் இருந்தார்.

"ஒருத்தர் கூப்பிடறப்போ எடுக்காம விடறது மரியாதை இல்ல," என்று சொல்லிக்கொண்டே எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "வணக்கம். இல்லீங்க, அவங்க முக்கியமான வேலையில இருக்காங்க. நான் அவங்க அத்தான் பேசறேன். பதில்தானே? எங்கிட்ட இருக்கு. எழுதிக்கறீங்களா?"